நிறுத்தத் தெரிந்த சார்ஜரைப் பார்த்து வாங்குங்கள்

போனட்டைத் திறந்ததுமே அழுகிய முட்டை வாடை. முதலில் சார்ஜரின் சுவிட்சை அணைத்துவிட்டு, காற்றாட அரை மணி நேரம் விட்டோம். பிறகு பார்த்தால் பேட்டரியின் பக்கச் சுவர் உப்பியிருந்தது. ஆறு மூடிகளையும் கழற்றினேன். மூன்று செல்களில் தண்ணீர் வற்றி, தகடுகளின் தலை வெளியே தெரிந்தது. காரின் சொந்தக்காரர் நம்ப முடியாமல் கேட்டார்: "ரெண்டு மாசமா சார்ஜரைக் கழட்டவே இல்லண்ணே. அப்புறம் எப்படி பேட்டரி போச்சு?"

கழற்றாததால்தான் போனது. அவர் வைத்திருந்தது உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் டையோடும் மட்டுமே இருக்கும் பழைய ரகம். பேட்டரி நிறைந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. மின்சாரம் இருக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். நிறைந்த பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தால், ஆசிட்டில் இருக்கும் தண்ணீர்தான் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். கண்ணெதிரே இருந்து சில மணி நேரம் போட்டு எடுக்க அந்தச் சார்ஜர் போதும். மாட்டிவிட்டு ஊருக்குப் போக அது ஆகவே ஆகாது. ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இத்தனை வருடத்தில், ஓடாமல் நின்று கெட்ட பேட்டரிகளோடு, இப்படிக் காப்பாற்றப் போய்க் கெடுத்தவற்றையும் நிறையப் பார்த்துவிட்டேன். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நிறுத்தி வைத்த காருக்கு எதற்குச் சார்ஜ் என்று சிலர் நினைக்கிறார்கள். சாவியை எடுத்த பிறகும் அலாரம், கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). முப்பது நாளில் 36. உங்கள் பேட்டரியே 45 ஆம்பியர் அவர் என்றால், ஒரு மாதம் கழித்து செல்ஃப் எடுக்காததில் ஆச்சரியம் என்ன? அப்படிக் குறைந்த நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் லெட் சல்பேட் படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுதாகத் திரும்பாது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதும் பெரிதாக உதவாது. ஸ்டார்ட் செய்ய எடுத்ததை ஈடுகட்டவே அந்தப் பத்து நிமிடம் பல நேரம் போதாது.

சரி, எதை வாங்குவது? சார்ஜர் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும் முன் உங்கள் பேட்டரியின் மேல் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். சாதாரண ஆசிட் பேட்டரியா, இ.எஃப்.பி.யா (EFB, அதையே மேம்படுத்திய ரகம்), ஏ.ஜி.எம்.மா (AGM, ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் ரகம்) என்று அதில் இருக்கும். சிக்னலில் தானாக எஞ்சின் நின்று ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் பெரும்பாலும் பின்னால் சொன்ன இரண்டில் ஒன்றுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சார்ஜ் ஏற்றும் வோல்டேஜ் கொஞ்சம் மாறும். ஏ.ஜி.எம். மூடிய ரகம், அளவு மீறி ஏற்றி உள்ளே இருக்கும் ஈரம் வற்றிப்போனால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய வழியில்லை. அதனால் உங்கள் ரகத்தின் பெயர் சார்ஜரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது லித்தியம் பேட்டரிக்கு மாற்றியிருந்தால், அதற்கென்று செய்த சார்ஜர்தான் வேண்டும். இதில் சமரசமே கூடாது.

அடுத்து, உங்களுக்கு வேண்டியது எது என்று தெளிவாகிக்கொள்ளுங்கள். இறங்கிப்போன பேட்டரியை ஏற்ற வேண்டுமா, நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்க வேண்டுமா? மெயின்டெய்னர் என்று விற்கும் சின்னப் பெட்டி ஒரு ஆம்பியர் அளவுக்குத்தான் கொடுக்கும். அது இரண்டாவது வேலைக்கு. பாதி இறங்கிய 60 ஆம்பியர் அவர் பேட்டரியில் அதை மாட்டினால் ஒரு நாளைக்கு மேல் ஆகும். ஏற்றுவதற்கு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது நாங்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு: 60-க்கு 6 ஆம்பியர். பாதி இறங்கியதற்குக் காகிதத்தில் ஐந்து மணி நேரம் வரும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் ஏழெட்டு மணி நேரம் வையுங்கள். ஒரே சார்ஜர்தான் வாங்குவேன் என்பவருக்கு, 4 முதல் 6 ஆம்பியர் கொடுத்து, நிறைந்ததும் தானாகப் பராமரிப்பு நிலைக்கு இறங்கும் ஸ்மார்ட் சார்ஜரைத்தான் சொல்வேன். இருபது ஆம்பியர் என்று பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். வேகமாக ஏற்றினால் பேட்டரி சூடாகும்.

பெட்டியில் "ஆட்டோமேட்டிக்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். வாங்கியதும் ஒரு மல்டிமீட்டரை வைத்துச் சோதியுங்கள். பச்சை விளக்கு வந்து ஒரு இரவு கழிந்த பிறகு, சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பேட்டரி டெர்மினல்களில் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல், 13.8-க்குள் நின்றால் நிம்மதி. சில சார்ஜர்கள் முழுதாக நிறுத்திவிட்டு, குறையும்போது மட்டும் மறுபடி ஏற்றும், அப்போது 12.8 போலக் காட்டும், அதுவும் சரிதான். ஆனால் நாள் கணக்கில் 14.4-க்கு மேலேயே நின்றால் அதை மாட்டிவிட்டு எங்கும் போகாதீர்கள். அதே மல்டிமீட்டர் வேறு ஒன்றுக்கும் உதவும். சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் காரைத் தொடாமல் விட்டு அளந்தால் 12.6, 12.7 என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் இன்றே ஏற்ற வேண்டிய நிலை.

தலைகீழாக மாட்டினால் காக்கும் பாதுகாப்பும், கிளிப்புகள் உரசினால் பொறி பறக்காத அமைப்பும் கட்டாயம் இருக்கட்டும். பழுதுநீக்கும் பட்டன் என்று ஒன்று வரும். சல்பேட் லேசாக இறுகிய பேட்டரிக்குக் கொஞ்சம் பலன் தரலாம், செத்ததை எழுப்பாது. அது வோல்டேஜை ஏற்றிக் கொடுப்பதால், காரோடு இணைத்தபடி அதை அழுத்த வேண்டாம். முழுதாக இறங்கிய பேட்டரியைச் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் அடையாளமே காணாமல் மறுக்கும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கும் முன், குறிப்புப் புத்தகத்தில் எத்தனை வோல்ட்டிலிருந்து அது தொடங்கும் என்று பாருங்கள்.

மாட்டும் வரிசையை மட்டும் எப்போதும் மாற்றாதீர்கள். சார்ஜர் அணைந்திருக்க, முதலில் சிவப்புக் கிளிப் பாசிட்டிவில். கறுப்புக் கிளிப், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகத்தில் அல்லது கார் புத்தகம் காட்டும் எர்த் இடத்தில். கடைசியில்தான் சுவிட்ச். இப்போதைய பல கார்களில் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். கறுப்புக் கிளிப்பை நேராக நெகட்டிவ் முனையில் போட்டால், ஏறிய சார்ஜ் அதன் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்த பிறகும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும். அதனால் மூடிய கராஜில் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். வாடை வந்தாலோ, பேட்டரியைத் தொட்டால் சுட்டாலோ, கிளிப்பைப் பிடுங்க ஓடாதீர்கள். முதலில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள், விலகி நில்லுங்கள், காற்று வரட்டும். கிளிப் அப்புறம்.