கிளேயர் என்றால் கூசொளி

திருகோணமலை டச் பே கடற்கரையில் காலை 7 மணிக்குக் கிழக்கே பார்த்து நிற்க ஏலாது. வெயில் இன்னும் சுடத் தொடங்கியிருக்காது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்தான் கண்ணைத் திறக்க விடாது. வலை பிரிக்கிறவர் நெற்றிக்கு மேலே கையை வைத்து ‘கண் கூசுது’ என்பார். படம் எடுக்க வந்த பொடியன் ‘சரியான கிளேயர்’ என்பான்.

கிளேயர் (glare) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் பளிச்சென்று ஒளிர்தல் என்பதே பொருள். இடைக்கால டச்சு மொழியின் ‘கிளாரென்’ என்ற வினை அதற்கு உறவு. கண்ணாடியைக் குறிக்கும் ‘கிளாஸ்’ அதே குடும்பம். (டச்சுக்காரர் பெயர் ஒட்டிய கடற்கரையில் நின்று இதை யோசிப்பது தற்செயல்தான்.) ஒளியிலிருந்து பார்வைக்குத் தாவி, கோபமாக முறைத்தலையும் கிளேயர் குறிக்கிறது. ‘கிளேரிங்’ என்று பிழைக்கு முன்னால் வந்தால் அப்பட்டமான பிழை. அதை ‘ஒளிரும் பிழை’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

தமிழில் இதற்குப் பிரகாசம் என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பிரகாசம் நல்ல சொல். விளக்குக்கும் முகத்துக்கும் பொருந்தும், உறுத்தாது. நம் பேச்சில் உள்ள ‘எறிக்குது’ என்பதும் சரிவராது. வெயிலும் எறிக்கும், நிலவும் எறிக்கும்; நிலாவெளியில் நிலவு எறிக்கையில் யார் கண்ணை மூடுகிறார்? வேண்டியது ‘கூசு’. புளி தின்ற பல் கூசும், புது ஆளைக் கண்ட பிள்ளை கூசும், ஒளி பட்ட கண்ணும் கூசும்; மூன்றிலும் உள்ளது பின்வாங்கல். ஆங்கிலம் ஒளியைப் பார்த்துப் பெயர் வைத்தது, தமிழ் கண்ணைப் பார்த்து. ஆகவே ஒளியென்றால் கூசொளி, பார்வையென்றால் முறைப்பு. ஒரே சொல்லால் இரண்டையும் கட்ட வேண்டியதில்லை.

ஒளியியலில் கூசொளி இருவகை. ஒன்று வெறும் உறுத்தல். மற்றது பார்வையையே மறைப்பது: எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் கண்ணுக்குள் சிதறி விழித்திரைமேல் திரை போலப் படிய, ரோட்டில் நிற்கிற மாடு தெரியாமல் போகும். கண்புரை உள்ளவருக்கு இது கூடும். கடலில் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடையாக முனைவாக்கம் அடைந்தது, அதாவது அதன் அலைகள் கிடைத்திசையில் அதிர்பவை. அதனால்தான் அந்த அதிர்வைத் தடுக்கும் போலரைஸ்ட் கண்ணாடி போட்டவருக்குக் கூச்சம் அடங்கி, தண்ணீருக்குள் மீன் தெரிகிறது.