‘இது’ என்றால் எது?

“கன்சோலில் நானே கூப்பிட்டால் சரியாக எண்ணுகிறது. அதே ஃபங்ஷனைப் பட்டனிடம் கொடுத்தால் எண்ணே இல்லை என்கிறது. ஏன்?” என்று, வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைக் கற்றுக்கொள்ளும் ஒரு மாணவர் கேட்டிருந்தார். (கன்சோல் என்பது பிரவுசரில் நிரலை எழுதிப் பார்த்து விடை காணும் இடம். ஃபங்ஷன் என்பது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் நிரல் துண்டு.) இந்த மொழியை எழுதுகிற எல்லோரும் ஒரு முறையாவது விழுந்து எழுந்த பள்ளம்தான் இது.

அவர் எழுதியது சின்ன விஷயம். கவுன்டர் என்று ஓர் ஆப்ஜெக்ட், அதாவது மதிப்புகளையும் ஃபங்ஷன்களையும் சேர்த்து வைக்கும் பொருள். அதற்குள் மொத்தம் என்று ஒரு மதிப்பு, தொடக்கத்தில் 0. கூட்டு என்று ஒரு ஃபங்ஷன். அது ‘திஸ்.மொத்தம்’ (‘இதனுடைய மொத்தம்’) என்பதோடு ‘++’ போட்டு ஒன்றைக் கூட்டி, விடையைக் கன்சோலில் காட்டும். (ஜாவாஸ்கிரிப்டில் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொழியின் விதியே யூனிகோட் எழுத்துகளை ஏற்கிறது. முயன்று பாருங்கள்.) ‘கவுன்டர்.கூட்டு()’ என்று மூன்று முறை எழுதினால் 1, 2, 3. கிளிக் ஆனால் எதைக் கூப்பிட வேண்டும் என்று பதிவு செய்துகொள்ளும், பட்டனின் ‘ஆட்ஈவென்ட்லிசனர்’ கேட்கும் இடத்தில் ‘கவுன்டர்.கூட்டு’ என்று கொடுத்துவிட்டுக் கிளிக் செய்தால் ‘நாட் எ நம்பர்’. எர்ரர் கூட வராது.

இன்னது நடந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு என்று வேறொருவரிடம் ஒப்படைப்பதுதான் கால்பேக். எழுதுவது நாம், கூப்பிடுவது பிரவுசரோ ஒரு லைப்ரரியோ (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு). இந்த இடைவெளியில்தான் ‘திஸ்’ தொலைகிறது.

பள்ளி இலக்கணத்தில் சுட்டெழுத்து படித்திருப்பீர்கள். ‘இங்கே’, ‘இந்த’ என்ற சொற்களுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. யார், எங்கே நின்று சொல்கிறார்கள் என்பதில்தான் பொருள். “இங்கே உள்ள பானையை நிரப்பு” என்று சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புகிறோம். வாங்கியவர் பக்கத்து வீட்டு முற்றத்தில் நின்று அதைப் பிரித்துப் படித்தால் நிரம்புவது பக்கத்து வீட்டுப் பானை. ஜாவாஸ்கிரிப்டின் ‘திஸ்’ அப்படியே ஓர் இகரச் சுட்டு. ஃபங்ஷனை எழுதும்போது அதற்குப் பொருள் இல்லை. கூப்பிடும் அந்தக் கணத்தில், புள்ளிக்கு இடது பக்கம் யார் இருக்கிறாரோ அவர்தான் ‘திஸ்’.

மாணவரின் இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘கவுன்டர்.கூட்டு()’ என்பதில் அடைப்புக்குறி இருக்கிறது. கூப்பிடுதல் அங்கேயே, கவுன்டர் கூட இருக்கும்போதே நடக்கிறது. ‘கவுன்டர்.கூட்டு’ என்று மட்டும் எழுதினால் ஃபங்ஷனை எடுத்துக் கையில் கொடுக்கிறோம், அவ்வளவுதான். எந்த வீட்டிலிருந்து எடுத்தோம் என்ற தகவல் கூடப் போகாது. பிறகு கிளிக் நடக்கும்போது பிரவுசர் அந்தப் பட்டனையே ‘திஸ்’ ஆக வைத்துக் கூப்பிடுகிறது. பட்டனுக்கு மொத்தம் என்று ஒன்று கிடையாது. இல்லாத ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் வருவது எண் இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. மொத்தம் என்பதற்குப் பதில் அவர் ‘வேல்யூ’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தால் என்ன ஆகும்? ‘வேல்யூ’ பட்டனுக்கு ஏற்கெனவே உண்டு. யாரும் எதுவும் கொடுக்காதவரை அது வெறும் சரம், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத உரை. வெறும் சரத்தின் மேல் ‘++’ போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 0 என்று எடுத்துக்கொள்கிறது. கிளிக், 1. கிளிக், 2. கிளிக், 3. எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். கவுன்டரைத் திறந்து பார்த்தால் அது 0-லேயே உட்கார்ந்திருக்கும், எண்ணிக்கொண்டிருந்தது பட்டன். ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது இந்த மாதிரித் தப்புதான்.

சரி, ‘திஸ்’ இப்படி நாடோடியாக இருக்க, சாதாரண வேரியபிள்கள் (மதிப்புகளுக்கு நாம் வைக்கும் பெயர்கள்) எப்படி இருக்கின்றன? நேர் எதிர். ஊரை இனிஷியலில் சேர்த்து எழுதுகிற பழைய ஆட்களைப் போல. எங்கே போய் வேலை பார்த்தாலும் அந்த எழுத்து மாறாது. ஒரு ஃபங்ஷன் பிறக்கும்போதே, தான் எந்த இடத்தில் எழுதப்பட்டது என்பதற்கான ஓர் இணைப்பைத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. தனக்குள் இல்லாத பெயரைத் தேட வேண்டியிருந்தால் பிறந்த இடத்தில் தேடும். அங்கேயும் இல்லையென்றால் அந்த இடம் பிறந்த இடத்தில். கூப்பிடுகிறவரின் வீட்டை எட்டியே பார்க்காது. வெளி ஃபங்ஷன் வேலை முடித்துப் போன பிறகும், உள்ளே பிறந்த கால்பேக்கை யாராவது பிடித்துக்கொண்டிருக்கும் வரை அந்த வேரியபிள்கள் அழிவதில்லை. இதற்குப் பெயர் க்ளோஷர். பெயர் வைத்தவர் பீட்டர் லாண்டின், 1964-இல். பிரவுசர் என்ற ஒன்றே இல்லாத காலம்! 1975-இல் ஸ்கீம் என்ற மொழி அதை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. 1995 மே மாதம், நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் 10 நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதியபோது, அதில் ஸ்கீமின் பாதிப்பு இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தச் சரக்கும் உள்ளே வந்துவிட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் “இதனால் நாளைக்கு என்ன லாபம்?” என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஆண்டுகளைக் காட்ட எனக்கு ஆசை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரே மொழிக்குள் இரண்டு குணம்: பெயர்கள் பிறந்த இடத்தைப் பார்க்கின்றன, சுட்டு கூப்பிட்ட இடத்தைப் பார்க்கிறது. அப்படியானால் சுட்டின் நோய்க்குப் பெயரையே மருந்தாகக் கொடுத்தால்?

2005-இல் வந்த புரோட்டோடைப் லைப்ரரியின் ‘பைண்ட்’ செய்தது அதுதான். டோஜோ லைப்ரரியில் அதே வேலைக்கு ‘ஹிட்ச்’ என்று பெயர். உள்ளே திறந்து பார்த்தால் சாரம் மூன்றே வரி. பழைய ஃபங்ஷன், ஒரு பொருள், இரண்டையும் வாங்கிக்கொள். ஒரு புது ஃபங்ஷனைத் திருப்பிக் கொடு. அந்தப் புதியதை யார் எப்படிக் கூப்பிட்டாலும், அது தன் பிறந்த இடத்திலிருந்து அந்தப் பொருளை எடுத்து, ‘அப்ளை’ (‘திஸ்’ யார் என்று நாமே சொல்லிக் கூப்பிடும் வசதி) மூலம் ‘திஸ்’ ஆக நிறுத்திப் பழையதைக் கூப்பிடட்டும். பட்டன் தன்னையே ‘திஸ்’ என்று நீட்டத்தான் செய்கிறது. புது ஃபங்ஷன் அதைக் கண்டுகொள்வதே இல்லை. சீட்டை உறைக்குள் போட்டு, உறை மேல் வீட்டு விலாசத்தை எழுதின மாதிரி. மொழியில் எதையும் மாற்றாமல், இருந்த இரண்டு குணங்களில் ஒன்றை வைத்தே இன்னொன்றைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். முதன்முதலில் இது புரிந்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன். 2009 டிசம்பரில் வெளியான, மொழியின் விதிநூலின் ஐந்தாம் பதிப்பில் ‘பைண்ட்’ அதே பெயரில் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆனால் உறை புதியது என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு முறை ‘பைண்ட்’ செய்யும்போதும் பிறப்பது வேறொரு ஃபங்ஷன். வைத்த கால்பேக்கை நீக்க, வைத்த அதே ஃபங்ஷனைக் காட்ட வேண்டும். இன்னொரு முறை ‘பைண்ட்’ செய்து காட்டினால் பிரவுசர் பேசாமல் இருந்துவிடும். நான் ஒரு காலத்தில் பராமரித்த ஒரு பக்கத்தில், பயனர் ஒவ்வொரு முறை ஒரு சிறு ஜன்னலைத் திறந்து மூடும்போதும் ஒரு கால்பேக் நீங்காமல் தங்கியது. க்ளோஷரின் இணைப்பால் அதனோடு மூடிய ஜன்னலின் தரவும் தங்கியது. காலையில் பறந்த பக்கம் மாலையில் நொண்டியது. மூன்று நாள் தேடி, கடைசியில் ஒரே வரியில் திருத்தினேன்.

ஜேக்வெரி லைப்ரரி இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தது. 2010-இல் வந்த 1.4 பதிப்பின் ‘பிராக்ஸி’, பழைய ஃபங்ஷன் மேலும் புதியதன் மேலும் ஒரே வரிசை எண்ணை ஒட்டிவிடும். நீக்கும்போது பழையதைக் காட்டினாலும் எண்ணை வைத்துப் புதியதைக் கண்டுபிடித்துவிடும். அழகு. ஆனால் இரண்டு கவுன்டர்கள் ஒரே ஃபங்ஷனைப் பகிர்ந்துகொண்டு, ஒரே பட்டனில் தொங்கினால், ஒன்றை நீக்கும்போது இன்னொன்றும் சேர்ந்து போகும்.

2015-இல் வந்த அம்புக்குறி ஃபங்ஷன் (‘=>’ என்ற குறியால் எழுதுவது) வேறு வழியில் போனது. அதற்குச் சொந்தமாக ‘திஸ்’ கிடையாது. அந்தச் சொல்லையும் சாதாரணப் பெயரைப் போலப் பிறந்த இடத்தில் தேடும். அதன் மேல் ‘பைண்ட்’ போட்டாலும் ‘திஸ்’ அசையாது. ஆனாலும் போடுகிறார்கள்! புது வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது போல, எந்த ஃபங்ஷனைப் பார்த்தாலும் ஒரு ‘பைண்ட்’. ஏன் என்று கேட்டால், “இருந்துவிட்டுப் போகட்டுமே சார்” என்கிறார்கள். எலுமிச்சம்பழத்தையாவது பிழிந்து குடிக்கலாம். இன்னொரு பக்கம், ஜேக்வெரியின் கிளிக் கால்பேக்கில் ‘திஸ்’ என்றால் அழுத்தப்பட்ட உறுப்பு என்று நம்பி எழுதிய பழைய நிரலை, புதுமை என்று அம்புக்குறிக்கு மாற்றிவிட்டு முழிப்பவர்களும் உண்டு.

கேட்ட மாணவருக்கு: ‘கூப்பிட்டால் கவுன்டர்.கூட்டு()’ என்று ஓர் அம்புக்குறிக்குள் சுற்றிக் கொடுத்தால் போதும்; புள்ளிக்கு இடது பக்கம் கவுன்டர் திரும்ப வந்துவிடும். ஆனால் நானாக இருந்தால் வேறொன்று செய்வேன். ‘ஆட்ஈவென்ட்லிசனர்’ ஃபங்ஷனைத்தான் வாங்கும் என்று இல்லை. ‘ஹேண்டில்ஈவென்ட்’ என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் உள்ள ஆப்ஜெக்டையும் வாங்கிக்கொள்ளும். பிரவுசர்களுக்கான 2000-ஆம் ஆண்டு விதிமுறையிலிருந்தே இருக்கிற வசதி. ‘கூட்டு’ என்பதை அந்தப் பெயருக்கு மாற்றிவிட்டு, கவுன்டரையே முழுசாகப் பட்டனிடம் கொடுங்கள். கிளிக் ஆனதும் பிரவுசர் கவுன்டரை ‘திஸ்’ ஆக வைத்தே அதைக் கூப்பிடும். நீக்கும்போதும் அதே கவுன்டரைக் காட்டினால் போதும். புது உறை எதுவும் பிறக்கவில்லை.