அலமாரிக்கு முன்பே சாதனங்களை முடிவு செய்யுங்கள்

மேடைக் கல் பதித்து, அலமாரிகளைப் பொருத்தி, கடைசித் தவணையையும் கொடுத்து முடித்த பிறகு, "ஃபிரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கிறது, ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டு வருபவர்களின் எண்ணிக்கை குறைவதாகவே இல்லை. சமையலறை வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களால் அந்தக் கட்டத்தில் சொல்ல முடிவது இரண்டே வழிகள்தான்: பக்கத்து அலமாரியை அறுத்துச் சிறிதாக்க வேண்டும், இல்லையேல் வாங்கிய ஃபிரிட்ஜைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அண்மையில் வந்த ஒருவர் இரண்டுக்கும் மனமின்றி ஃபிரிட்ஜைக் கூடத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். அதற்குப் பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் வேர் ஒரே நம்பிக்கைதான்: "இடம் விட்டிருக்கிறோம், சாதனத்தைப் பிறகு பார்த்து வாங்கிக்கொள்ளலாம்." எதற்கு விட்ட இடம் என்றால் ஃபிரிட்ஜுக்கு என்பார்கள், எந்த ஃபிரிட்ஜுக்கு என்று கேட்டால் பதில் இராது. 55 செ.மீ. அகலத்திலும் ஃபிரிட்ஜ் இருக்கிறது, 90 செ.மீ. அகலத்திலும் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அகலமோ கதவு மூடியிருக்கும்போது எடுத்த அளவு. கதவு திறக்கும்போது அதன் தடிமனும் கைப்பிடியும் பக்கவாட்டில் வெளியே வரும். கீல் இருக்கும் பக்கம் சுவர் ஒட்டியிருந்தால் கதவு செங்கோணத்தோடு இடித்து நின்றுவிடும். செங்கோணத்துக்குத் திறந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: பல மாடல்களில் போதாது. உள்ளே இருக்கும் இழுப்பறைகள் கதவின் உட்புறத் தட்டுகளில் முட்டாமல் வெளியே வர வேண்டுமானால், கதவு இன்னும் விரிந்தாக வேண்டும். வாங்கிய நாளிலிருந்து ஒரு முறைகூட முழுதாக வெளியே எடுத்துக் கழுவப்படாத இழுப்பறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குறை சுத்தத்தில் இல்லை, சுவரில் இருந்தது.

ஆழத்திலும் இதே ஏமாற்றம்தான். மேடையின் ஆழம் வழக்கமாக 60 செ.மீ. என்றால், சாதாரண ஃபிரிட்ஜ் கதவையும் சேர்த்து 70 செ.மீ. அல்லது அதற்கும் மேல் வரும். பின்புறக் காற்றோட்டத்துக்குத் தயாரிப்பாளர் கேட்கும் இடைவெளியையும், சுவரிலிருந்து துருத்தும் பிளக்கையும் கூட்டிப் பாருங்கள். படத்தில் அலமாரிகளோடு ஒரே கோட்டில் நின்ற ஃபிரிட்ஜ், வீட்டில் நடைவழிக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதன் காரணம் புரியும். காற்றுக்கு விடும் இடைவெளியை வீணான இடம் என்று எண்ணிப் பலகையால் அடைத்துவிடும் தச்சர்களும் உண்டு. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவு கீழ்நோக்கித் திறந்து ஏறக்குறைய 60 செ.மீ. வெளியே நீளும். ஒருவர் மட்டும் சமைக்கும் அறையில் நடைவழிக்கு 42 அங்குலமும், இருவர் புழங்கும் அறையில் 48 அங்குலமும் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு. அதில் ஏறக்குறைய பாதியைத் திறந்த கதவே எடுத்துக்கொள்ளும். அந்த இயந்திரத்துக்கான பிளக் பாயின்ட்டை அதன் முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள், பக்கத்து அலமாரிக்குள் வையுங்கள். இல்லையென்றால் இயந்திரமும் முழுதாக உள்ளே போகாது, பழுதானால் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வழியிருக்காது.

சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தை வரைந்து எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி, மொத்தச் சுற்றளவு 13 முதல் 26 அடி என்ற அந்த விதி 1940களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து பரவியது. மைக்ரோவேவோ, பாத்திரம் கழுவும் இயந்திரமோ வீடுகளுக்குள் பரவலாக வராத காலம் அது. நடக்கும் தூரத்தை அளக்க அந்த முக்கோணம் இன்றும் உதவும். எந்தக் கதவு எந்தக் கதவில் இடிக்கும் என்பதை அது சொல்லாது.

ஜன்னலுக்கு வருகிறேன். அடுப்பை ஜன்னலுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். அங்கே வைத்தால் புகை தானாக வெளியேறிவிடும் என்பதுதான் வைக்க விரும்பும் எல்லோரும் சொல்லும் காரணம். உண்மையில் உள்ளே வீசும் காற்று கேஸ் சுடரை அலைக்கழிக்கும், சில வேளை அணைத்தும் விடும். ஜன்னல் கொக்கியை எட்டிப் பிடிக்க எரியும் அடுப்பின் மேல் கையை நீட்ட வேண்டியிருக்கும். சிம்னியைப் பொருத்தச் சுவரும் இருக்காது. ஜன்னலுக்குக் கீழே சிங்கை வையுங்கள், வெளிச்சம் வேலையின் மீது விழும். ஆனால் ஜன்னல் உட்புறமாகத் திறப்பதாக இருந்தால், குழாயின் உயரத்தை முதலில் பாருங்கள். ஒரே ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால், நறுக்கும் இடத்தில் உங்கள் நிழலே விழும். மேல் அலமாரியின் அடியில் விளக்கு வைக்க மின்கம்பிக்கு இப்போதே வழி விடுங்கள். ஜன்னலின் விளிம்புவரை அலமாரியை நெருக்கிக் கட்டுவதால் கிடைக்கும் அரை அடி இடத்துக்கு, பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுச் சமைப்பது விலை.

உயரமான அலமாரிகளையும் ஃபிரிட்ஜையும் வரிசையின் ஓரத்துக்குத் தள்ளுங்கள். நடுவில் வைத்தால் மேடை இரண்டு துண்டாகி, வேலை செய்ய எந்தத் துண்டும் போதாமல் போகும். ஃபிரிட்ஜுக்கும் ஓவனுக்கும் பக்கத்தில், எடுத்த பொருளை உடனே இறக்கி வைக்க 40 செ.மீ. மேடையாவது இருக்கட்டும். இரண்டு இழுப்பறை வரிசைகள் மூலையில் சந்திக்கும் இடத்தில் 5 செ.மீ. அளவுக்கு அடைப்புப் பட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் கைப்பிடி மற்றதைத் திறக்க விடாது.

ஆகவே சாதனங்களின் மாடலை முடிவு செய்து, அவற்றின் பொருத்துதல் வழிகாட்டிகளை வடிவமைப்பாளரிடம் கொடுத்து, எல்லாக் கதவுகளையும் திறந்த நிலையில் வரைந்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை மின்கம்பியோ, தண்ணீர்க் குழாயோ, பலகையோ எதுவும் தொடங்க வேண்டாம். அளவெடுக்க வருபவர் அவசரப்படுத்துவார், காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த இடைவேளையில், வீட்டில் இருக்கும் பாத்திரங்களை எல்லாம் தரையில் பரப்பி, தினமும் எடுப்பதை ஒரு பக்கமும் எப்போதாவது எடுப்பதை மறுபக்கமும் பிரித்து, கனமானவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கனமானவை முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வர வேண்டும். மிக உயரமான பாத்திரத்தை அளந்து அந்த எண்ணையும் எழுதி வையுங்கள். ஆழமான இழுப்பறையின் உயரத்தை அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம்.