விப்சா: ஈர்வாளிலிருந்து ஊதியப் பேரம் வரை

அமெரிக்காவில் பிராந்திய விமான நிறுவனங்களின் ஊதியப் பேச்சுவார்த்தை பற்றி எதைப் படித்தாலும் ஒரு சொல் வந்து நிற்கும்: விப்சா (whipsaw). "நிர்வாகம் எங்களை விப்சா செய்கிறது" என்பது விமானிகளின் வழக்கமான புகார். இதை 'அலைக்கழிக்கிறது' என்று தமிழில் எழுதினால் பாதிப் பொருள்தான் வரும்.

முழுப் பொருள் இது. ஒரே முதலாளிக்காக ஒரே வேலையைச் செய்யும் இரண்டு குழுக்கள் இருக்கின்றன. முதலாளி முதல் குழுவைத் தனியே கூப்பிட்டு, "சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் புது விமானங்கள் உங்களுக்கு, இல்லையென்றால் அவர்களுக்கு" என்கிறார். அவர்கள் இறங்கி வந்ததும் அடுத்த குழுவிடம் போய், "அவர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்கிறார். ஒப்பந்தம் முடியும்போது மறுபடியும் முதல் குழுவிடம் வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் இரு பக்கமும் கொஞ்சம் இழக்கின்றன.

விப்சா என்பது முதலில் ஒரு தச்சுக் கருவியின் பெயர். நீளமான, ஒடுக்கமான ரம்பம். மரத்தைப் பலகையாக அறுக்க ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று மாற்றி மாற்றி இழுப்பார்கள். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சீட்டாட்டக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஃபாரோ என்ற ஆட்டத்தில் ஒரே சுற்றில் இரண்டு பந்தயமும் தோற்றவனை விப்சா ஆனவன் என்றார்கள். பங்குச் சந்தையில் விலை ஏறும் என்று வாங்கி இறக்கத்திலும், இறங்கும் என்று விற்று ஏற்றத்திலும் அடிபடுகிறவருக்கும் அதே சொல்தான். நம் 'மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி' இந்தச் சந்தைப் பொருளுக்கு அப்படியே பொருந்தும்.

தொழிற்சங்க உலகில் இந்தச் சொல்லுக்கு நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அங்கே இது முதலில் தொழிலாளர் கையில் இருந்த ஆயுதம். பல நிறுவனங்கள் ஒன்றுகூடிச் சங்கத்தோடு பேசும்போது, சங்கம் ஒரே ஒரு நிறுவனத்தில் மட்டும் வேலைநிறுத்தம் செய்யும். அது பணிந்ததும் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அடுத்த நிறுவனத்தை மடக்கும். 1957இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பஃபலோ நகரத்துத் துணி வாடகை நிறுவனங்கள் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தபோது பேசியது இந்த 'விப்சா' வேலைநிறுத்தத்தைத்தான். இப்படி ஒரு நிறுவனத்தில் வேலைநிறுத்தம் நடந்தால், கூட்டாகப் பேசும் மற்ற நிறுவனங்கள் தற்காப்பாகக் கதவடைப்பு செய்யலாம் என்றது நீதிமன்றம்.

பிறகு ஆயுதம் கை மாறியது. 1991 கடைசியில், மிச்சிகனின் வில்லோ ரன், டெக்சஸின் ஆர்லிங்டன் ஆகிய இரண்டு கார் ஆலைகளில் ஒன்றுதான் பிழைக்கும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 1992 பிப்ரவரியில் ஆர்லிங்டன் பிழைத்தது, வில்லோ ரன்னை மூடும் முடிவு வந்தது. இரண்டு ஆலையிலும் இருந்தது ஒரே தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள்தான்.

சரி, விமானத்துறையில் மட்டும் இது ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது? பதில் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது.

பயணி வாங்கும் டிக்கெட்டில் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் என்று பெரிய பெயர் இருக்கும். விமானத்தின் வாலிலும் அதே வண்ணம். ஓட்டுவது மட்டும் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், பிஎஸ்ஏ, என்வாய் போன்ற பிராந்திய நிறுவனம். இருவருக்கும் இடையிலான ஏற்பாட்டை இருக்கைத் திறன் கொள்முதல் ஒப்பந்தம் என்று சொல்லலாம். பெரிய நிறுவனம் வழித்தடத்தையும் கட்டணத்தையும் தானே முடிவு செய்கிறது. டிக்கெட் பணம் முழுவதும் அதற்குத்தான் போகும், எரிபொருள் செலவும் பொதுவாக அதன் தலையில்தான். பிராந்திய நிறுவனத்துக்குக் கிடைப்பது பறந்த மணிக்கு இவ்வளவு, புறப்பாட்டுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை. இருக்கை நிரம்பினாலும் காலியாகப் போனாலும் அதே தொகைதான்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்தால் விஷயம் பிடிபடும். டிக்கெட் விலையைக் கூட்ட முடியாது, லாபமான ஊருக்கு மாற்றி விட முடியாது, எரிபொருளில் மிச்சம் பிடித்தும் பயனில்லை. பிராந்திய நிறுவனம் தானாகக் குறைக்கக்கூடிய பெரிய செலவு என்று மிஞ்சுவது விமானி, பணிப்பெண், மெக்கானிக் ஆகியோரின் சம்பளம். அந்தச் சம்பளமோ பணிமூப்பைப் பொறுத்தது. பத்து வருஷம் ஓடிய நிறுவனத்தில் எல்லோரும் மூத்தவர்கள், செலவு அதிகம். நேற்று தொடங்கிய நிறுவனத்தில் எல்லோரும் புதியவர்கள், செலவு குறைவு. ஒப்பந்தத்தை மூத்த நிறுவனத்திடமிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுத்தால், அதே வேலை மலிவாக நடந்துவிடும். வேலை போன கேப்டன் அடுத்த நிறுவனத்தில் சேர்ந்தால் பணிமூப்புப் பட்டியலின் அடியிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

காம்ஏர் விமானிகள் இதை அனுபவித்தார்கள். டெல்டாவின் துணை நிறுவனமான காம்ஏரில் 2001இல் 89 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நல்ல ஊதிய உயர்வோடு திரும்பினார்கள். அதற்குப் பிறகு அந்தச் செலவே அவர்களுக்கு எதிரான வாதமாயிற்று. நிறுவனம் சிறுத்துக்கொண்டே வந்து, 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. 50 இருக்கை ஜெட்களின் காலம் முடிந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பின்னான பேச்சுவார்த்தைகளில் காம்ஏரின் பெயரே ஒரு மிரட்டலாக இருந்தது.

விப்சாவின் அசைவை நேராகப் பார்க்க 2013, 2014 ஆண்டுகள் போதும். யூஎஸ் ஏர்வேஸின் துணை நிறுவனமான பிஎஸ்ஏவின் விமானிகள், 30 புதிய பெரிய ஜெட்களுக்காகச் சலுகைகளுக்கு ஒத்துக்கொண்டார்கள். 2013 டிசம்பரில் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கனும் இணைந்ததால், பிஎஸ்ஏவும் அமெரிக்கனின் துணை நிறுவனமான அமெரிக்கன் ஈகிளும் ஒரே கூரைக்குள் வந்தன. அமெரிக்கன் ஈகிள்தான் 2014இல் என்வாய் என்று பெயர் மாறியது. அந்த விமானிகளிடம் சலுகை கேட்டபோது, 2014 மார்ச்சில் பெரும்பான்மையாக மறுத்தார்கள். நிறுவனம் சுருங்கும் என்று நிர்வாகம் சொன்னது. ஏறக்குறைய ஓராண்டுக்குள், புது விமானங்களுக்கான உறுதியோடு வேறொரு ஒப்பந்தத்தை ஏற்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே தாய் நிறுவனத்தின் பிள்ளைகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நிறுவனங்களே விப்சா ஆவதும் உண்டு. 2020இல் 50 இருக்கை எம்ப்ரேயர் ஜெட்களை ஓட்ட ஒரே ஒரு பிராந்திய நிறுவனம் போதும் என்று முடிவெடுத்த யுனைடெட், காமியூட்ஏரைத் தேர்ந்தெடுத்தது. போட்டியிலிருந்த எக்ஸ்பிரஸ்ஜெட் செப்டம்பர் கடைசியோடு யுனைடெட்டுக்காகப் பறப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டிலுமே யுனைடெட்டுக்குப் பங்கு இருந்தது.

ஒப்பந்தத்தை முறிக்கும் வழிகூட ஒரு சொல்லின் பொருளில் ஒளிந்திருக்கும். மேசா என்ற பிராந்திய நிறுவனத்தின் துணை நிறுவனமான ஃபிரீடம், டெல்டாவுக்காகப் பறந்துகொண்டிருந்தது. திட்டமிட்ட பயணங்களில் குறிப்பிட்ட சதவீதத்தை முடிக்காவிட்டால் டெல்டா விலகலாம் என்பது ஒப்பந்தம். 2008இல் அந்த விகிதம் குறைந்துவிட்டது என்று டெல்டா விலகல் அறிவிப்பு கொடுத்தது. மேசா நீதிமன்றம் போனது. நெரிசல் நேரத்தில் டெல்டாவே கேட்டு ரத்தான பயணங்களையும் எங்கள் கணக்கில் தோல்வியாக எழுதலாமா என்பதே அதன் கேள்வி. அட்லாண்டாவில் இடைக்காலத் தடை கிடைத்தது, 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனாலும் 2010 ஜனவரியில் மேசா திவால் பாதுகாப்பு கேட்டது.

இந்த இழுவைக்கு ஓர் எல்லை போடுவது வரம்புப் பிரிவு. ஆங்கிலத்தில் 'ஸ்கோப்' பிரிவு என்பார்கள். பெரிய நிறுவனத்தின் விமானிகள் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கும் தடை அது: வெளியே கொடுக்கும் ஜெட்டில் 76 இருக்கைக்கு மேல் கூடாது, புறப்படும் எடை 86,000 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது மாதிரி. பெரிய விமானங்களில் வேலை பார்ப்பவர்களை அது காக்கிறது. எல்லைக்குக் கீழே இருப்பவர்களை யார் காப்பது என்பதற்கு அதில் இடமில்லை.

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விசாரணையில் பிராந்திய விமானிகளின் சொற்பச் சம்பளமும் களைப்பும் பொதுவெளிக்கு வந்தன. 2010 சட்டத்தின்படி, 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் கட்டாயமாயிற்று. அதுவும் பெருந்தொற்றுக்குப் பிந்திய விமானிப் பற்றாக்குறையும் சேர்ந்து, 2022இல் ரம்பத்தை எதிர்ப்பக்கம் இழுத்தன. அந்த ஜூனில் அமெரிக்கனின் துணை நிறுவனங்களான பீட்மாண்டும் என்வாயும் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்தியதும், மற்ற நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்த வேண்டியதாயிற்று. ஒரு நிறுவனத்தில் கிடைத்ததைக் காட்டி அடுத்த நிறுவனத்தில் கேட்பது, அந்தப் பழைய தொழிற்சங்க விப்சாவின் தர்க்கம்தான்.

அப்புறம் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கருவிக்குத் தேட வேண்டியதே இல்லை: ஈர்வாள். ஈர்தல் என்றால் அறுத்தல், இழுத்தல் என்ற பொருளும் உண்டு, ஆகவே இன்னும் பொருத்தம். பேரத்துக்குச் சிலர் 'சிண்டு முடிதல்' என்று சொல்லலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. சிண்டு முடிந்தால் இருவருக்குள் சண்டை வர வேண்டும். இங்கே இரு பக்கத்து விமானிகளும் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. 'தலைகீழ் ஏலம்' என்பது நிறுவனங்கள் விலை குறைத்துக் கேட்பதைச் சரியாகச் சொல்லும், ஆனால் ஏலம் போவது யாருடைய சம்பளம் என்பது அதில் மறைந்துவிடும்.

என் பரிந்துரை 'மோதவிடு பேரம்'. வினையாக எழுதும்போது 'மோதவிட்டுப் பேரம் பேசுதல்'. மோதவிடும் மூன்றாம் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதை இது மறைக்காது. சங்கம் செய்தாலும் நிர்வாகம் செய்தாலும் பொருந்தும், யார் செய்கிறார் என்பதை எழுவாயே சொல்லிவிடும். "துணை நிறுவனங்களை மோதவிட்டுப் பேரம் பேசி நிர்வாகம் ஊதியத்தைக் குறைத்தது" என்று எழுதலாம். "நிறுவனங்களை மோதவிட்டுப் பேரம் பேசிச் சங்கம் ஊதியத்தை உயர்த்தியது" என்றும் எழுதலாம். சந்தைச் செய்தியில் இதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே பேரமே கிடையாது, 'இருபக்க அடி' என்றால் போதும்.