நகராத விசை பழுதல்ல

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பப்பாவின் தமிழ்த் தட்டச்சு இயந்திரம் வீட்டில் இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி விசையை அடித்தால் மட்டும் மேலே தாளைத் தாங்கும் வண்டி நகர்வதில்லை. திருத்த முடியுமா, இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?"

போட்டுவிடாதீர்கள். அது பழுதே இல்லை. கடற்காற்றில் மற்ற விசைகள் இறுகியிருந்தால் தூரிகையால் ஸ்பிரிட் தடவித் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் விட வேண்டாம். பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

விசையை அழுத்தினால் எழுத்துக்கட்டை எழும்பி மைநாடாவில் அடிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேடிக்கை பின்பக்கத்தில் நடக்கிறது. வண்டியை வலப்புறம் தள்ளும்போதே உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறுகிறது. அப்புறம் அது வண்டியை ஓயாமல் இடப்புறம் இழுக்கும். ஒரேயடியாக ஓடிவிடாமல் தடுப்பவை ஒரு பற்சில்லும் அதைக் கவ்வும் இரண்டு நாக்குகளும். ஒன்று விறைப்பானது, மற்றது சற்று ஆடக்கூடியது. சும்மா இருக்கும்போது ஆடும் நாக்குதான் பல்லைப் பிடித்திருக்கும். எழுத்து தாளில் படப்போகிற கணத்தில், கட்டையின் அடிப்பகுதி எல்லாக் கட்டைகளுக்கும் பொதுவான ஒரு சட்டத்தைத் தள்ளும். உடனே பிடி விறைப்பான நாக்குக்கு மாறும். விடுபட்ட நாக்கு அடுத்த பல்லுக்குத் தயாராகிவிடும். விரலை எடுத்ததும் பிடி திரும்ப மாற, வண்டி ஒரே ஒரு பல் நகர்ந்து நிற்கும். எழுத்துப் பதியும்போது தாள் அசைவதில்லை, அதனால்தான் அச்சு கலைவதில்லை. ஊசல் கடிகாரத்தின் டிக் டிக்கிலும் இதே தந்திரம்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். எழுத்துகள் 247. விசைகளோ நாற்பத்துச் சொச்சம், விசைக்கு இரண்டு வடிவம். க், கி என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுக்க வழியில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ரா. முத்தையா தன் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் கையாண்டது நகரா விசை. பிரெஞ்சு போன்ற மொழிகளின் மேற்குறிகளுக்கும் இந்த உத்தி உண்டு. புள்ளிக்கான கட்டையில், பொதுச் சட்டத்தைத் தொடும் பகுதியை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டால் போதும். சட்டம் அசையாது, நாக்கு மாறாது, வண்டி அங்கேயே நிற்கும். முதலில் புள்ளியை அடிக்கிறோம். அது வெறுந்தாளில் தனியாக நிற்கிறது. பிறகு க அடித்தால் அதன் கீழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு துண்டு இரும்பைக் குறைத்தே இத்தனை எழுத்துகளைக் கூட்டிவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான ஒருங்குறியில் (யூனிகோட்) வரிசை தலைகீழ்: முதலில் க, பிறகுதான் புள்ளி. கணினிக்கு வந்த பழைய தட்டச்சாளர்களின் விரல் தடுமாறியதில் வியப்பில்லை.

இந்த இயந்திரங்களுக்குத் தங்கநிறம் பூசி வரவேற்பறையில் வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். ஸ்மார்ட் பலகைக்குப் பணம் தேடும் பாடசாலைகள் மூடி கழற்றிய ஒரு தட்டச்சு இயந்திரத்தையும் வகுப்பில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. விசையை மெல்ல அழுத்தி, பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தால், நாக்குகள் பிடி மாறுவது பிள்ளைகளின் கண்ணுக்கே தெரியும். கணினியைக் கழற்றி அப்படி எதையும் காட்ட முடியாது.