மாதவிடாய் 'சுகாதாரமா', நலமா?

மதுரைப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பெண்களுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைகளில் 'மனநலம் மற்றும் மாதவிடாய் சுகாதாரம்' என்ற தலைப்பு அலுக்காமல் வருகிறது. 'மற்றும்' தொல்லையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். 'மாதவிடாய்ச்' என்பதில் முழுங்கிவிட்ட 'ச்' ஒற்றும் போகட்டும். 'சுகாதாரம்'தான் இடறுகிறது.

மாதவிடாய் என்ற சொல்லில் குறையில்லை. விடாய் என்றால் தாகம், களைப்பு. திருவிழா முடிந்து சாமி இளைப்பாறுவதை விடாயாற்றி என்கிறோமே, அதே விடாய். சுகாதாரம், சுகமும் ஆதாரமும் சேர்ந்த வடசொல். வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. பொது சுகாதாரத் துறை என்ற பெயரில் உடல்நலம் என்ற அகன்ற பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெருவில் அது வெறும் சுத்தம். 'மகளிர் சுகாதார வளாகம்' என்று பலகை இருந்தால் உள்ளே இருப்பது கழிப்பறை. இலங்கையிலோ சுகாதார அமைச்சு, சுகாதார வைத்திய அதிகாரி என்று அது உடல்நலத்தையே குறிக்கும். ஆக, ஆனையூர் முகாமிலோ திருவாதவூர் முகாமிலோ ஒரே தாளை அங்கிருந்து வந்த மாமியார் ஒன்றாகவும் இங்கே பிறந்த மருமகள் வேறாகவும் படிப்பார்கள்.

மருமகள் படிப்பதுதான் எனக்குக் கவலை. அவளுக்கு அது தீட்டின் படித்த வடிவம். கலம் தொடா மகளிர், அதாவது மாதவிடாயில் பாத்திரம் தொடாத பெண்கள், முருகன் கோட்டத்தில் ஒதுங்கி நின்றதைப் புறநானூறு 299ஆம் பாட்டு சொல்கிறது. பேரையூர் வட்டாரத்துச் சில ஊர்களில் முட்டுவீடு, அந்த நாட்களில் பெண்களை ஒதுக்கித் தங்கவைக்கும் வீடு, நம் காலம் வரை வந்திருக்கிறது. அசுத்தம் என்ற நினைப்பு ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது, சுத்தம் என்று தலைப்பு வேறு எதற்கு?

'மாதவிலக்கு நலம்' என்று போடலாமே என்பார்கள் சிலர். உதிரம் விலகுவதால் விலக்காம். மதுவிலக்கு, வரிவிலக்கு, ஊர்விலக்கு, இவற்றில் எது கசிந்து வெளியேறுகிறது? 'வீட்டுக்கு விலக்கு' என்ற நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டாலே தெரியும், விலக்கப்படுவது பெண். நாட்டையே விட்டு வந்தவளிடம் இந்தச் சொல்லை நீட்ட எனக்கு மனம் வராது.

மாதவிடாய் நலம் என்பதே சரி. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் (பெயரைப் பாருங்கள்!) இதை வெறும் தூய்மைப் பிரச்சினையாகப் பார்க்காமல் உடல், மனம், சமூகம் மூன்றும் சேர்ந்த நலப் பிரச்சினையாகப் பார்க்கச் சொன்னது. கடும் மன நெருக்கடியில் மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். பத்துக்குப் பத்து அறையில் மாமனார், கொழுந்தன் நடமாடும்போது துணியை எங்கே காயப்போடுவது என்ற தவிப்பு மனநலத்தில் சேர்த்தியா, சுகாதாரத்தில் சேர்த்தியா? துண்டறிக்கையோ மனநலத்துக்கு ஒரு பக்கம், நாப்கினுக்கு ஒரு பக்கம் என்று பாகம் பிரித்திருக்கிறது. ஹெல்த், ஹைஜீன் இரண்டுக்கும் சுகாதாரம் என்றே எழுதிப் பழகிய மொழிபெயர்ப்பாளருக்கு இது உறைப்பதே இல்லை.