இரண்டு திருகோணமலைகள் ஒன்றுசேர என்ன வேண்டும்?

உயர்தர வகுப்பில் படிக்கும் என் அக்காவின் மகன், சென்ற விடுமுறையில் ஒரு கொப்பியில் சித்திரக்கதை கீறத் தொடங்கியிருந்தான். கதை இரண்டு திருகோணமலைகளில் நடக்கிறது. புல்மோட்டைக் கனிய மணலிலிருந்து புறப்பட்ட கதிரொன்று, ஓர் உலகத்தில் மீனவக் குடும்பத்துத் தங்கைக்கு அசாத்திய ஆற்றலைத் தருகிறது. மற்ற உலகத்தில் அந்தக் கதிர் சற்றுப் பிந்திப் புறப்பட்டு அண்ணனைச் சேர்கிறது. இருவரும் தத்தம் உலகில் ஓர் அதிமனிதர் அணியைத் திரட்டுகிறார்கள். ஓர் உலகில் தங்கையிடமும் மற்றதில் அண்ணனிடமும் தோற்ற வில்லன் பழிவாங்கப் புறப்பட, இரு அணிகளும் அவனை எதிர்க்கக் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் கூட வேண்டும். பத்தொன்பதாம் பக்கத்தோடு கதை நின்றுபோயிருந்தது. “மாமா, ரெண்டு உலகத்து ஆக்களும் எந்தக் கதவால வந்து ஒண்டாச் சேருறது? அது தெரியாமல் மேல கீற ஏலாமல் கிடக்கு” என்றான்.

இதே சிக்கலை 1961இல் அமெரிக்காவின் டிசி நிறுவனத்துச் சித்திரக்கதைக்காரர்களும் எதிர்கொண்டார்கள். இரு பூமிகளும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, ஆனால் வெவ்வேறு மீடிறனில் (விநாடிக்கு எத்தனை தடவை என்ற கணக்கில்) அதிர்கின்றன என்பது அவர்கள் கண்ட வழி. தன் உடலை வேறு மீடிறனில் அதிரச் செய்த அதிவேக நாயகன் பிளாஷ், மற்றப் பூமியின் பிளாஷைச் சந்தித்தார். 1963இல் இரு பூமிகளின் அணிகளும் முதன்முறையாகக் கைகோத்தன. மீடிறன் பற்றிய விளக்கம் பௌதிகவியலுக்கு ஒத்துவராது என்றாலும், ‘ஒரே இடத்தில்’ என்ற பாதி, அவர்கள் அறிந்து சொன்னார்களோ இல்லையோ, சரியான திசையில் இருக்கிறது.

மருமகனின் கதை தொடங்கும் இடமும் பிழையற்றது. புல்மோட்டை மணலில் சிறிதளவு மொனசைற்று என்னும் கனியம் உண்டு. அதில் தானே சிதைந்து கதிர் வீசும் தோரியம் உண்டு. தோரியத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் கருக்களில் பாதி சிதைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள். ஒரு குறிப்பிட்ட தோரியம் கரு இந்த விநாடியில் சிதையுமா, இன்னும் ஆயிரங்கோடி ஆண்டுகள் அப்படியே கிடக்குமா என்பதற்கு, அணுவளவு நுண்பொருள்களின் நடத்தையை விளக்கும் குவாண்டம் இயக்கவியல் நிகழ்தகவை மட்டுமே சொல்கிறது. அதன் அடிப்படையான ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டில் ‘சிதைந்தது’, ‘சிதையவில்லை’ என்னும் இரு நிலைகளும் ஒருங்கே இருக்கின்றன; அளக்கும்போது நமக்குக் கிடைப்பதோ ஒன்றுதான். (தோரியம் வெளியிடும் அல்பாத் துகள் தோலின் மேற்படலத்தையே தாண்டாது என்பதை அவனிடம் சொல்லவில்லை. அதிமனிதர் கதையில் அந்த அளவு சலுகை கொடுக்கலாம்.)

மற்ற நிலை எங்கே போயிற்று? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோன் வீலரின் மாணவராக இருந்த ஹியூ எவரெட், அது எங்கும் போகவில்லை என்று 1957இல் வெளியான தமது கலாநிதி ஆய்வில் விடை கூறினார். சமன்பாட்டை இடையில் நிறுத்தாமல் அளப்பவரையும் அதற்குள் சேர்த்துக்கொண்டால், சிதைவைக் கண்ட அளப்பவர், சிதைவைக் காணாத அளப்பவர் என இரு கிளைகள் தொடர்கின்றன. ‘பல உலகங்கள்’ என்ற பெயரை 1970 அளவில் பரப்பியவர் பிறைஸ் டிவிற். இந்த விளக்கத்தை ஏற்காத பௌதிகவியலாளர்கள் பலர் உண்டு. எனினும் இணை உலகங்களுக்கு இதைவிடக் கறாரான கணிதம் வேறெங்கும் இல்லை என்பது என் எண்ணம். அண்டப் பெருக்கக் கோட்பாடு சொல்லும் பிற அண்டங்கள் எட்டவே முடியாத் தொலைவில் இருப்பவை. அவற்றை வைத்துக் கதை பண்ண முடியாது.

இனிக் கதவைத் தேடுவோம். மாலையில் உட்துறைமுக வீதியில் நின்று பார்த்தால், இரண்டு வள்ளங்கள் எதிரெதிரே கடந்துபோன பின் அவற்றின் அலைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வது தெரியும். வெட்டுமிடத்தில் மிதக்கும் வலைக் கட்டை ஒரு கணம் கூடுதலாக எழும்பித் தாழ்கிறது; அடுத்த கணம் இரு அலைகளும், ஒன்றுக்கு மற்றதால் ஒரு கீறல்கூட விழாமல், தத்தம் வழியே போய்விடுகின்றன. பாடப்புத்தகத்தில் மேற்பொருந்துகை என்று படிப்பது இதைத்தான். ஒன்றையொன்று மாற்றாமல் கூடிப் பிரியும் இந்த நேரியல் பண்பு சிற்றலைகளுக்கு ஏறத்தாழ உண்மை; ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டுக்கு முற்றாக உண்மை. எவரெட்டின் உலகங்கள் ஒரே இடத்தில் இருந்தும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கும், வில்லனின் குத்து மற்ற உலகத்துத் தாடையில் விழாமல் போவதற்கும் காரணம் இதுவே.

நேரியல்பு சற்றே பிசகினால்? டச்சுபே கரையில் உடையும் அலைகள் ஒன்றையொன்று உருக்குலைப்பது அப்படியொரு பிசகினால்தான். குவாண்டம் இயக்கவியலிலும் மிகச் சிறிய பிசகு இருக்கக்கூடுமா என்று ஸ்டீவன் வைன்பேர்க் 1989இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அத்தகைய பிசகு இருந்தால் ஒரு கிளையிலிருந்து மற்றக் கிளைக்குச் செய்தி அனுப்பலாம் என்பதை ஜோசப் போல்சின்ஸ்கி 1991இல் காட்டி, அந்தக் கற்பனைக் கருவியை ‘எவரெட் தொலைபேசி’ என்று அழைத்தார். மருமகன் தேடிய கதவு அது. ஆனால் பெரிலியம் அயன்களைக் கொண்டு மிக நுட்பமாகச் செய்யப்பட்ட பரிசோதனைகளில் அந்தப் பிசகு தென்படவே இல்லை.

கதவு இல்லை என்றாலும் சந்திப்பு இருக்கிறது. வியன்னாவில் 1999இல், 60 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை மெல்லிய பிளவுகளினூடாக அனுப்பியபோது, ஒவ்வொரு மூலக்கூறும் பல பிளவுகள் வழியாகவும் சென்றது போன்ற தலையீட்டுக் கோலம் (அலைகள் கூடும்போது உண்டாகும் வரிக் கோலம்) கிடைத்தது. பிரிந்த கிளைகள் மீண்டும் கூடினால்தான் அந்தக் கோலம் உண்டாகும். 2019இல் ஏறத்தாழ 2000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலும் அது காணப்பட்டது. இடையில் இன்னொரு பரிசோதனையும் நடந்தது: வெற்றிடக் கூடத்துக்குள் சிறிது சிறிதாக வாயுவை விட விட, கோலம் மங்கிக்கொண்டே போயிற்று. மூலக்கூறில் மோதிய ஒவ்வொரு வாயுத் துணிக்கையும் அது எந்த வழியால் போயிற்று என்ற தடயத்தைச் சுமந்துகொண்டு விலகியதே காரணம். அப்படியொரு தடயம் எங்காவது பதிந்துவிட்டால் கிளைகள் பிறகு கூடுவதில்லை.

மருமகனின் நாயகியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 70 கிலோகிராம் மனித உடலில் அண்ணளவாக 7 × 10²⁷ அணுக்கள் உள்ளன. சுவாமி மலை உச்சியில் நிற்கும் அவளுடைய தோலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும், ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 3 × 10²³ தடவைகள் காற்று மூலக்கூறுகள் மோதுகின்றன. அவள் எந்த உலகத்துக்காரி என்ற சாட்சியம், கோணேசர் கோயில் மணியோசை கீழே நகரத்தை எட்டுமுன்பே கடற்காற்றில் கரைந்து பரவிவிடுகிறது.

காற்றை அகற்றிவிடலாம், உடலையும் உறைகுளிரில் வைக்கலாம் என்று கதைக்காக ஒப்புக்கொள்வோம். அப்போதும் எஞ்சுவது நினைவு. ஓர் உலகத்து வில்லன் தங்கையை வெறுக்கிறான், மற்ற உலகத்து வில்லன் அண்ணனை வெறுக்கிறான். மூளையில் பதிந்த அந்தப் பகையும் வாயுத் துணிக்கை சுமந்த தடயம் போன்றதே. பழியை நினைவில் வைத்திருக்கும்வரை இரு உலகங்களும் கூடா. கூட வேண்டுமானால் அந்த நினைவு மிச்சமின்றி அழிய வேண்டும்.

டேவிட் டொய்ச் 1985இல் முன்வைத்த சிந்தனைப் பரிசோதனை ஒன்று இந்த இடத்தில் பொருந்துகிறது. குவாண்டம் கணினியில் இயங்கும் ஒரு மனம் இரு விளைவுகளில் ஒன்றைக் காண்கிறது; எது என்று சொல்லாமல், ‘திட்டமான ஒரு விளைவைக் கண்டேன்’ என்று மட்டும் எழுதிவைக்கிறது. பின்பு எல்லாம் பின்னோக்கிச் செலுத்தப்பட்டுக் கிளைகள் கூடுகின்றன. இரு கிளைகளிலும் ஒரே வாசகம் இருந்ததால் அந்தக் குறிப்பு தப்பிவிடும். எதைக் கண்டோம் என்பது மட்டும் மனத்தில் இராது.

இதைக் கேட்டுவிட்டு மருமகன் இருபதாம் பக்கத்தைக் கீறினான். அணிகள் அதில் இல்லை. வில்லன் தனியே பாறை விளிம்பில் நிற்கிறான். கையிலுள்ள துண்டுக் கடதாசியில், அவனுடைய சொந்தக் கையெழுத்தில், “யாரைப் பழிவாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்” என்று எழுதியிருக்கிறது. கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பெயர் எங்கும் இல்லை.